மறுகா வந்த காய்ச்சல்: டெங்குவுக்குப் பின் ஒரு அழற்சிப் புயல்

ஜனவரி மாதச் சனிக்கிழமை பின்னேரம். பருவமழை ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த நேரம், மட்டக்களப்பில் டெங்கு உச்சத்தில் நிற்கும் காலம். விடுதியில் கட்டில் போதாமல் வராந்தாவிலும் பாய் போட்டிருந்தோம். 23 வயதுப் பையன் ஒருவன் ஆபத்தான கட்டத்தைத் தாண்டி, காலையில் கஞ்சியும் மத்தியானம் சோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தான். அவனை மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக எழுதி வைத்திருந்தேன். அவனுடைய தாய் மேசையருகே வந்து நின்றார்.

"டொக்டர், புள்ளைக்கு மறுகாவும் காயுது."

மறுகா என்பது எங்கள் பக்கத்துச் சொல். பிறகு, மறுபடியும் என்ற இரண்டு பொருளிலும் வரும். அதற்கு முந்திய ஏழு நாட்கள் அவனுக்கு டெங்கு. அதற்குப் பிந்திய நாட்களில் அவனை வாட்டியது, டெங்கு கிளப்பிவிட்டுப் போன இன்னொன்று. வைரஸ் அடங்கிய பிறகும் அவனுடைய சொந்த நோயெதிர்ப்பு அடங்கவில்லை.

குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயர், ஊர், வைத்தியசாலை எதையும் குறிப்பிடவில்லை.

ஆளும் காய்ச்சலும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பையன். மேசன் வேலைக்கு உதவியாளாகப் போவான், பெரும்போகத்தில் தகப்பனோடு வயலில் நிற்பான். எடை 52 கிலோ. முன்பு பெரிய வருத்தம் எதுவும் வந்ததில்லை. நான்கைந்து வருடங்களுக்கு முன் ஒரு முறை டெங்கு என்று நான்கு நாள் வைத்தியசாலையில் இருந்ததாகத் தாய் சொன்னார். இது முக்கியமான தகவல். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டுமே நீண்டகாலப் பாதுகாப்புக் கிடைக்கும். இரண்டாம் முறை வேறொரு வகை தொற்றும்போது, பழைய எதிர்ப்புப் புரதங்கள் புதிய வைரஸை ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதைச் செயலிழக்கச் செய்யும் வலு அவற்றுக்கு இராது. அப்படி அரைகுறையாகப் பிடிபட்ட வைரஸ் வெண்குருதிக் கலங்களுக்குள் இன்னும் சுலபமாக நுழைந்துவிடும். காக்க வந்த புரதமே கதவைத் திறந்துவிடுகிறது. இரண்டாம் டெங்கு கடுமையாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

முதலாம் நாள் சனிக்கிழமை. கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பு முறிந்தது போன்ற நோவு. வீட்டில் பனடோலும் கொத்தமல்லியும் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் இரத்தக் கலங்களை எண்ணும் எஃப்பிசி செய்தபோது வெண்குருதிக் கலம் 3,100, குருதிச் சிறுதட்டு 1,18,000, டெங்குவைக் காட்டும் என்எஸ்1 பொசிற்றிவ். அன்றே அனுமதித்தார்கள். மூன்றாம் நாளிலேயே இரத்தம் பார்த்தது மிகவும் நல்ல காரியம். "நாளைக்குப் பாப்பம்" என்று இருந்து, ஐந்தாம் நாள் கை கால் குளிர்ந்த பிறகு வருகிறவர்களைத்தான் நாங்கள் இழக்கிறோம்.

கசிந்த இரண்டு நாட்கள்

ஐந்தாம் நாள் புதன்கிழமை மத்தியானம் அவனுடைய பிசிவி (இரத்தத்தில் செங்குருதிக் கலங்களின் பங்கு) 40இலிருந்து 48க்கு ஏறியது. அதாவது 20 சதவீத உயர்வு. ஸ்கானில் வலது நெஞ்சுக் கூட்டிலும் பித்தப்பையைச் சுற்றியும் நீர் தெரிந்தது. சிறுதட்டு 62,000. கசிவு தொடங்கிவிட்டது.

இரத்தக் குழாய்களின் உட்சுவர்மேல் மெல்லிய சர்க்கரைப் படலம் ஒன்று உண்டு. டெங்கு வைரஸ் வெளியிடும் என்எஸ்1 புரதமும், உடல் பதிலுக்குக் கொட்டும் சைட்டோகைன்கள் என்ற அழற்சித் தூண்டிகளும் சேர்ந்து அந்தப் படலத்தைக் குலைக்கின்றன. குழாய்க்குள் இருக்க வேண்டிய நீர் வெளியே ஊறிவிட, இரத்தம் தடிக்கிறது. இந்தக் கசிவு சாதாரணமாக 24 முதல் 48 மணித்தியாலம் நீடித்துத் தானாகவே நிற்கும். அதுவரை குறையாமலும் கூடாமலும் நீர் கொடுத்து ஆளைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். இலங்கை வழிகாட்டலின்படி 50 கிலோவைக் கணக்கில் எடுத்தால், வாயால் குடிப்பதையும் சேர்த்து 48 மணித்தியாலத்துக்கு மொத்தம் 4,600 மில்லிலீற்றர். தாதிகள் மணிக்கு ஒருமுறை நாடி, இரத்த அழுத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். இளநீரையும் ஜீவனியையும்கூட அளந்துதான் கொடுத்தார்கள். "தண்ணி கேக்கிற புள்ளைக்கு ஏன் அளந்து குடுக்கிறீங்க?" என்று தகப்பன் கோபப்பட்டார். நியாயமான கோபம்தான். வெளியே கசிந்த நீர், கசிவு தொடங்கிய மூன்றாம் நாள் திரும்பி உள்ளே வரும்போது நுரையீரல் மூழ்கிவிடக் கூடாது என்று மிஸ்ஸி ஒருவர் அவருக்கு விளக்கினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிசிவி 39. காய்ச்சல் இல்லை, பசி வந்திருந்தது, காலில் சிவப்புத் தடிப்புகள் தோன்றின. பாடப்புத்தகத்தில் உள்ளபடி ஒரு டெங்கு முடிந்தது என்று நினைத்தோம்.

எட்டாம் நாளும் அதற்குப் பிறகும்

சனிக்கிழமை பின்னேரம் 39.4 பாகை. முதலில் சந்தேகம் வந்தது சேலைன் ஊசி குத்திய இடத்தின்மீது. கை வீங்கவில்லை. சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே இரண்டும் பார்த்தோம். வயலில் நிற்பவன் என்பதால் எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், மெலியோய்டோசிஸ் மூன்றையும் மறக்க முடியாது. சேற்று மண்ணில் வாழும் பக்டீரியா தருகிற மெலியோய்டோசிஸை எங்கள் மாவட்டத்தில் மழைக்காலக் காய்ச்சல் எதிலும் நினைக்கத்தான் வேண்டும். இரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு செஃப்ட்ரியாக்சோனும் டொக்சிசைக்கிளினும் தொடங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்த ஈஎஸ்ஆர் 8. அதைப் பார்த்து எனக்கு ஆறுதலாக இருந்தது. அழற்சி பெரிதாக இல்லை போலும், வைரஸின் மிச்சமாக இருக்கும் என்று ஒரு நாள் அமைதியாக இருந்துவிட்டேன். அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

திங்கட்கிழமை, பத்தாம் நாள், ஈமோகுளோபின் 12.1இலிருந்து 8.7க்கு இறங்கியிருந்தது. டெங்குவுக்குப் பிறகு இப்படி இறங்கினால் முதலில் உள் இரத்தக்கசிவைத் தேட வேண்டும். மலம் கறுக்கவில்லை, ஸ்கானில் வயிற்றுக்குள் இரத்தம் இல்லை. சிறுதட்டு இந்நேரம் மளமளவென்று ஏறியிருக்க வேண்டும். அது 31,000இல் நின்றது. பக்டீரியாவை எதிர்க்கும் வெண்குருதிக் கலமான நியூட்ரோஃபில் 840. ஈரல் நொதியங்களில் ஒன்று 1,240, மற்றது 610. அழற்சி கூடினால் இரத்தத்தில் ஏறும் புரதமான சிஆர்பி 96.

சிஆர்பி 96 ஆக இருக்கும்போது ஈஎஸ்ஆர் 8 எப்படி வரும்? இதைக் கேட்டவர் எங்கள் ஆலோசகர் வைத்தியர். கேட்டுவிட்டு நேரே கட்டிலடிக்குப் போய்ப் பையனை வலப்பக்கம் சரித்துப் படுக்கச் சொல்லி, இடது விலாவுக்குக் கீழே விரல் வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார். மண்ணீரலின் நுனி அவருடைய விரலில் வந்து முட்டியது. அனுமதித்த நாளில் அது தட்டுப்படவில்லை.

ஈஎஸ்ஆர் என்பது செங்குருதிக் கலங்கள் குழாயில் எவ்வளவு வேகமாகக் கீழே படிகின்றன என்ற கணக்கு. அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி வேகமாகப் படியச் செய்வது ஃபைப்ரினோஜன் என்ற புரதம். அழற்சி கூடினால் அது கூடும், ஈஎஸ்ஆரும் கூடும். ஆனால் அழற்சி எல்லை மீறி ஃபைப்ரினோஜனையே தின்று தீர்க்கும் நிலைக்குப் போனால் ஈஎஸ்ஆர் தலைகீழாக இறங்கிவிடும். நான் ஆறுதல் கொண்ட அந்த எண்தான் எச்சரிக்கை மணி.

அன்றிரவே, இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் பரிசோதனைக்கு மாதிரி அனுப்பினோம். காலையில் வந்த விடை 18,400. சாதாரணமாக ஓர் ஆணுக்குச் சில நூறுக்குள் இருக்கும். டெங்குவிலும் ஃபெரிட்டின் ஏறுவது வழக்கம்தான், ஆகவே அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வெறும் வயிற்றில் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பு 342, ஃபைப்ரினோஜன் 120. செவ்வாய் காலை எலும்பு மச்சை எடுத்தார்கள். நுணுக்குக்காட்டியில் பெருவிழுங்கிக் கலங்களின் வயிற்றுக்குள் முழு முழுச் செங்குருதிக் கலங்களும் சிறுதட்டுகளும் கிடந்தன. அவனுடைய இரத்தத்தை அவனுடைய காவற்கலங்களே விழுங்கிக்கொண்டிருந்தன.

இந்த நிலைக்கு ஹீமோஃபாகோசைட்டிக் லிம்ஃபோஹிஸ்டியோசைட்டோசிஸ், சுருக்கமாக எச்எல்எச் என்று பெயர். 2004இல் வகுத்த அளவுகோலில் எட்டு அம்சங்கள் உண்டு, ஐந்து பொருந்தினால் போதும். இவனுக்கு ஆறு பொருந்தின: காய்ச்சல், பெருத்த மண்ணீரல், குறைந்த இரத்தக் கலங்கள், ஏறிய ட்ரைகிளிசரைட்டும் இறங்கிய ஃபைப்ரினோஜனும், ஃபெரிட்டின், மச்சையில் கண்ட காட்சி. மற்ற இரண்டுக்கும் தேவையான பரிசோதனைகளை நாங்கள் செய்யவில்லை.

உள்ளே நடந்தது

தகப்பன் கேட்டார், "வைரஸ் போயிட்டெண்டு சொல்றீங்க. மறுகா என்னத்தோட சண்டை பிடிக்கிறான்?"

இதைவிட நல்ல கேள்வியை எந்த மாணவரும் என்னிடம் கேட்டதில்லை.

கிருமி புகுந்த கலத்தைக் கொல்வதற்கென்றே நிணநீர்க் கலங்களில் ஒரு பிரிவு இருக்கிறது. அவை பெர்ஃபோரின் என்ற புரதத்தால் இலக்கின் சுவரில் துளை போட்டு அதைச் சாகடிக்கும். அதே கலங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கிருமியின் அடையாளத்தைக் காட்டிக்காட்டி அவற்றை உசுப்பிவிட்ட கலங்களை, வேலை முடிந்ததும் அவையே அழித்துச் சண்டையை நிறுத்த வேண்டும். அந்த நிறுத்தம் தவறினால் உசுப்பல் தொடர்ந்துகொண்டே இருக்கும். கொல்லும் கலங்கள் இன்டர்ஃபெரோன் காமாவைக் கொட்டும். அது பெருவிழுங்கிக் கலங்களை வெறிகொள்ள வைக்கும். அவை இன்டர்லூக்கின் 1, 6, 18, டிஎன்எஃப் என்று தங்கள் பங்குக்குக் கொட்டி, கொல்லும் கலங்களை இன்னும் கிளப்பும். ஒன்றை ஒன்று ஏற்றிவிடும் இந்தச் சுற்றைத்தான் சைட்டோகைன் புயல் என்கிறோம்.

தகப்பனுக்கு நான் சொன்னது இப்படி: "ஐயா, மாரியில வெள்ளம் வந்தா வயலுக்கு நல்லது. ஆனா முகத்துவாரம் வெட்டுப்படாட்டி வாவித் தண்ணி கடலுக்குப் போகாது. மழை விட்ட பிறகும் பயிர் தண்ணிக்குள்ளேயே நிண்டு அழுகும். இவனுக்கு மழை விட்டிட்டு. முகத்துவாரம்தான் இன்னும் திறபடேல்ல." அவர் உடனே தலையாட்டினார். அந்த வருடம் அவருடைய வயலில் ஒரு பகுதி அப்படித்தான் போயிருந்தது.

எங்கள் தாளில் இருந்த ஒவ்வோர் எண்ணும் இந்தச் சுற்றின் தடயம். டிஎன்எஃப் கொழுப்பை உடைக்கும் நொதியத்தை முடக்கியதால் ட்ரைகிளிசரைட் ஏறியது. வெறிகொண்ட கலங்கள் இரத்தக்கட்டியைக் கரைக்கும் முறைமையைத் தூண்டிவிட்டதால் ஃபைப்ரினோஜன் தீர்ந்தது. ஃபெரிட்டினைப் பெருவிழுங்கிக் கலங்களே அள்ளிக் கொட்டின. அவை விழுங்கியதாலும், மச்சை உற்பத்தியை நிறுத்தியதாலும் மூன்று வகைக் கலங்களும் குறைந்தன. வெறிகொண்ட கலங்கள் வந்து குவிந்ததால் ஈரலும் மண்ணீரலும் வீங்கின. அவனுடைய உடலில் வைரஸைத் தேடியிருந்தால் ஏறக்குறைய ஒன்றும் கிடைத்திராது.

பெர்ஃபோரினுக்கான மரபணு பிறவியிலேயே பழுதாக இருக்கும் குழந்தைகளும் உண்டு. ஒரே குடும்பத்துக் குழந்தைகளிடம் இந்த நோயை 1952இல் விவரித்தார்கள். பெர்ஃபோரின் பழுது அதற்கு ஒரு காரணம் என்று தெரியவந்தது 1999இல். பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் தொற்று, புற்றுநோய், லூப்பஸ் போன்ற வருத்தங்களின் பின்விளைவு.

கிருமியே இல்லாமலும் இந்தப் புயல் கிளம்பலாம் என்பதற்கு 2006 மார்ச்சில் லண்டனில் நடந்தது சாட்சி. டீ கலங்களைத் தூண்டும் புதிய மருந்தொன்றை முதன்முதலாக மனிதரில் சோதித்தபோது, மருந்து ஏறிய ஆறு பேருக்கும் சில மணித்தியாலங்களில் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. அத்தனை பேரும் அன்று காலைவரை பூரண சுகத்தோடு இருந்த இளைஞர்கள். ஆறு பேரும் உயிர் தப்பினார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. கொரோனாக் காலத்திலிருந்து எங்கள் சனத்திடம் "எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட வேண்டும்" என்ற பேச்சு நன்றாக வேரோடிவிட்டது. இந்தப் பையனுக்கும் எட்டாம் நாள் காய்ச்சல் வந்தவுடன், சக்தி குறைந்துவிட்டது என்று பயந்து பப்பாசி இலைச் சாறும் ஏதோ ஒரு தூளும் வீட்டிலிருந்து வந்தன. அன்போடு கொண்டுவந்தவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவனுடைய எதிர்ப்பில் குறை எதுவும் இருக்கவில்லை. அதை நிறுத்தும் கைதான் இல்லாமற்போயிருந்தது.

மருந்து கொடுப்பதா, வேண்டாமா

எதிர்ப்பை அடக்க டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட் வேண்டும். தொற்று இன்னும் முழுதாக விலக்கப்படாத, நியூட்ரோஃபில் குறைந்த ஒருவனுக்கு ஸ்டீரொய்ட் கொடுப்பது சின்ன விஷயமில்லை. டெங்குக் கசிவுக்கு ஸ்டீரொய்ட் பயன் தருவதாக நிரூபணம் இல்லை, வழிகாட்டலும் பரிந்துரைப்பதில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாங்கள் அரை மணி நேரம் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

கொடுக்கலாம் என்று தீர்மானிக்க முன் மூன்று விஷயங்களைக் கவனித்தோம். ஒன்று, எலும்பு மச்சை. நிணநீர்ப் புற்றுநோய் இருந்தால் ஸ்டீரொய்ட் அதை மறைத்துவிடும், ஆகவே முதலில் மச்சை, பிறகுதான் ஊசி. அடுத்தது மெலியோய்டோசிஸ். கல்ச்சரில் அதுவரை ஒன்றும் வளரவில்லை. ஆனாலும் செஃப்ட்ரியாக்சோனை நம்பியிருக்காமல் முந்திய நாளே மெரோபெனெமுக்கு மாற்றியிருந்தோம்.

மூன்றாவதைப் பலர் மறந்துவிடுவார்கள். வெறுங்காலோடு சேற்றில் நிற்பவர்களின் குடலில் ஸ்ட்ரோங்கிலொய்ட்ஸ் என்ற புழு வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கக்கூடும். ஸ்டீரொய்ட் கொடுத்தால் அது பெருகி உடல் முழுக்கப் பரவி ஆளையே கொன்றுவிடலாம். எனவே அல்பெண்டசோலையும் சேர்த்தே தொடங்கினோம்.

நேரம் தப்பினால் இதே மருந்து உதவாது என்பதற்கு கொரோனாக் கால மருந்துச் சோதனை ஒன்று நல்ல உதாரணம். 2020 ஜூனில் பிரித்தானியாவின் பெரிய ஆய்வொன்றின் முடிவு வந்தது. சுவாச இயந்திரத்தில் இருந்தவர்களில் டெக்ஸாமெதசோன் பெறாதோரில் 41.4 சதவீதத்தினர் 28 நாட்களுக்குள் இறந்தார்கள், பெற்றோரில் 29.3 சதவீதத்தினர். ஒட்சிசனே தேவைப்படாதவர்களுக்கு அந்த மருந்தால் பயன் தெரியவில்லை. அவர்களுடைய உடல் அப்போது வைரஸோடுதான் போராடிக்கொண்டிருந்தது.

எச்எல்எச்சுக்கு எட்டோபோசைட் என்ற புற்றுநோய் மருந்தும் கொடுப்பதுண்டு. அதை உடனே தொடங்க வேண்டாம், 48 மணித்தியாலம் பார்ப்போம் என்றார் ஆலோசகர். வைரஸால் வந்ததென்றால் ஸ்டீரொய்டோடு மட்டுமே அடங்குகிறவர்கள் பலர். இப்போது யோசித்தாலும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நாளத்தில் ஏற்றும் எதிர்ப்புப் புரத மருந்தான ஐவிஐஜீயைத் தேவைப்பட்டால் தரலாம் என்று கேட்டு வைத்தோம்.

செவ்வாய் பின்னேரம் நான்கு மணிக்கு டெக்ஸாமெதசோன் முதல் ஊசி, நாளொன்றுக்கு 16 மில்லிகிராம். அன்றிரவு அவனுக்குச் சித்தம் கொஞ்சம் தடுமாறியது. வயலில் யானைக் காவலுக்கு நிற்பதாக நினைத்து வெடி கேட்டான். மூளைக்கும் அழற்சி ஏறுகிறதோ என்று பயந்து விடியும்வரை அவன் பக்கத்திலேயே இருந்தோம். தாய் கட்டிலுக்குக் கீழே நிலத்தில் இருந்தபடி, "ஒண்டுமில்ல மனே, அம்மா இஞ்சதான் இருக்கன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். புதன் காலை ஆளை அடையாளம் சொன்னான்.

புதன் இரவு காய்ச்சல் விட்டது. வியாழன் ஃபெரிட்டின் 9,200, சிறுதட்டு 58,000. அன்றே கல்ச்சரின் கடைசி முடிவும் வளர்ச்சி இல்லை என்று வந்ததால் மெரோபெனெமை நிறுத்தினோம். அடுத்த திங்கள் ஃபெரிட்டின் 2,100, சிறுதட்டு 1,10,000, மண்ணீரல் கைக்குத் தட்டுப்படவில்லை. எட்டோபோசைட்டும் ஐவிஐஜீயும் தேவைப்படவில்லை. ஸ்டீரொய்டால் சர்க்கரை ஏறியது, நித்திரை போனது, பசி மட்டும் தீராமல் இருந்தது. பத்தொன்பதாம் நாள், புதன்கிழமை, வீட்டுக்குப் போனான். மருந்தை எட்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தோம். திடீரென்று நிறுத்தினால் புயல் திரும்பலாம், சொந்த ஸ்டீரொய்ட் சுரப்பும் படுத்துவிடும். இதைத் தாய்க்கும் தமக்கைக்கும் தனித்தனியே சொல்லி, குறைக்க வேண்டிய நாட்களைத் தமிழில் எழுதிக் கொடுத்தோம்.

கிளினிக்கில்

மார்ச் கடைசியில், அறுவடை முடிகிற நேரத்தில், கடைசித் தடவையாக வந்தான். முகம் இன்னும் கொஞ்சம் ஊதியிருந்தது. ஃபெரிட்டின் 210. வயலுக்குப் போகலாமா என்று கேட்டான். பூட்ஸ் போட்டுக்கொண்டு போகச் சொன்னேன். டெங்கு இன்னும் வரலாம் என்றும், காய்ச்சலின் மூன்றாம் நாளே இரத்தம் பார்க்க வேண்டும் என்றும், ஏழு நாளைத் தாண்டிக் காய்ச்சல் நின்றாலோ திரும்பி வந்தாலோ இந்த டயக்னோசிஸ் அட்டையைக் காட்ட வேண்டும் என்றும் சொன்னேன்.

தாய் தன் பையிலிருந்து மடித்த கலண்டர் தாள் ஒன்றை எடுத்தார். ஜனவரி மாதத் தாள். ஒவ்வொரு நாள் கட்டத்திலும் பென்சிலால் காய்ச்சல் நேரம், குடித்த தண்ணீர், போன சிறுநீர் எல்லாம் குறித்திருந்தார். விடுதியில் தாதிகள் எழுதுவதைப் பார்த்துத் தானும் எழுதியதாகச் சொன்னார். எட்டாம் நாள் கட்டத்தில் "மறுகா, விடிய 4.10" என்று இருந்தது. எங்கள் அட்டையில் அந்தக் காய்ச்சல் பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் பதிவாகியிருக்கிறது. "விடியவே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றேன். "நீங்க எல்லாரும் சந்தோசமா இருந்தீங்க மகன். கையில தொட்டுப் பாத்ததத்தானே சொல்ல ஏலும், அதுதான் பின்னேரமட்டும் பாத்தன்" என்றார்.

அந்தத் தாளைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். இப்போது விடுதியில் துணைக்கு நிற்பவர்களுக்கு ஒரு பென்சிலும் கோடு போட்ட தாளும் கொடுக்கிறோம். காலைச் சுற்றில் எங்கள் அட்டையைப் புரட்டுவதற்கு முன் அதை வாங்கிப் பார்க்கிறோம்.